டெட் கென்னடிஸ்: பிணங்களுக்கு வராத வழக்கு ஓவியத்துக்கு வந்த கதை

1978 நவம்பர் 22. சான் பிரான்சிஸ்கோ நகரின் பிராட்வே தெருவில் மபுஹே கார்டன்ஸ் என்று ஒரு பிலிப்பைன்ஸ் உணவகம் இருந்தது. சாப்பாட்டு வியாபாரம் ஓய்ந்த பிறகு அங்கே பங்க் ராக் என்ற வேகமான, முரட்டு ராக் இசைக் கச்சேரிகள் நடக்கும். அன்று இரவு மேடையேறவிருந்த குழுவின் பெயர் டெட் கென்னடிஸ். 'செத்துப்போன கென்னடிகள்' என்று பொருள். அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டு அன்றோடு சரியாக 15 ஆண்டுகள். ரசனைக்கேடு இதற்குமேல் கீழே போக முடியாது என்று நினைக்கும்போது இப்படி ஒரு குழு வந்து நிற்கிறதே என்று நகரின் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் எழுதினார். கென்னடி படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்த தலைமுறை அது. அவர்கள் கோபத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

அடுத்த ஐந்தாம் நாள், நவம்பர் 27 அன்று, அதே நகரின் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும், நகரசபை உறுப்பினரும் ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடியவருமான ஹார்வி மில்க்கும் நகர மண்டபத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் டேன் வைட். முன்னாள் போலீஸ்காரர், சில நாள் முன்புவரை நகரசபை உறுப்பினர். அமெரிக்கக் கனவு செத்துவிட்டது என்று சொல்லத்தான் இந்தப் பெயர் என்று குழு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நகரத்தில், ஒரே வாரத்தில் கனவு இன்னொரு முறை சுடப்பட்டது.

டெட் கென்னடிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் கெட்ட வார்த்தை, கூச்சல், ஆபாச வழக்கு என்ற மூன்றைச் சுற்றியே நின்றுவிடும். நான் அவர்களுடைய இசைத்தட்டுகளைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். எனக்குப் படுவது வேறு. ஆரம்பம் முதல் கடைசி வரை இவர்கள் செய்தது ஒரே காரியம்: உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நடந்த சாவை எடுத்துவந்து, வசதியாக வாழும் அமெரிக்கர்களின் முகத்துக்கு நேரே பிடிப்பது. அதில் பெரும் பலமும் இருந்தது, பிழையும் இருந்தது. ஆனால் அரசு அவர்களைப் பிடித்தது அந்தச் சாவுகளுக்காக அல்ல என்பதுதான் இந்தக் கதையில் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். 1978 ஜூனில் ஈஸ்ட் பே ரே என்ற கிதார் கலைஞர் குழு தொடங்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர்களில் ஒருவர் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலிருந்து வந்த 20 வயது எரிக் பௌச்சர். தனக்கு ஜெல்லோ பயாஃப்ரா என்று பெயர் சூட்டிக்கொண்டார். பேஸ் கிதாருக்கு கிளாஸ் ஃப்ளோரைட் வந்தார், டிரம்ஸுக்கு டெட் என்ற பெயர்கொண்ட ஒருவர். ஆரம்ப மாதங்களில் 6025 என்று எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட இரண்டாவது கிதார் கலைஞர் ஒருவரும் இருந்தார். ஜூலையிலேயே மபுஹேயில் முதல் கச்சேரி. சேர்ந்து சில வாரங்களில் மேடை ஏறிவிடுவது பங்க்கில் சகஜம்தான். தேர்ந்த வாசிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பெரிய கம்பெனி கதவைத் திறக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். 70-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய அந்த அலையின் அடிப்படைப் பிடிவாதமே அதுதான்.

பாடகரின் பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜெல்லோ என்பது அமெரிக்க வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த, கலர் கலராகக் குலுங்கும் இனிப்புப் பண்டம். பயாஃப்ரா, நைஜீரியாவிலிருந்து 1967-ல் பிரிந்து, 1970-ல் தோற்று மறைந்த நாடு. போரின்போது உணவு போகும் வழிகள் அடைக்கப்பட்டதில் அங்கே குழந்தைகள் உட்பட லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். வயிறு வீங்கிய அந்தக் குழந்தைகளின் படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது எரிக் பௌச்சர் சிறுவன். தின்று சலித்தவர்களின் பண்டத்தையும் தின்ன எதுவுமில்லாமல் செத்தவர்களின் நாட்டையும் ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாட்டே வேண்டாம், பெயரே போதும் என்று தோன்றும் எனக்கு. ஆனால் அந்த நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டால் மனசு எப்படி இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும். குழுவின் பெயரால் வந்த தொல்லைகள் வேறு. வேறு பெயர்களில் மேடையேற வேண்டிய சந்தர்ப்பங்களும் இருந்தன.

மேயர் கொலைக்குத் திரும்புவோம், ஏனென்றால் குழுவின் அடுத்த இரண்டு பெரிய நிகழ்வுகளும் அதிலிருந்தே முளைத்தவை. 1979 மே 21 அன்று டேன் வைட் வழக்கில் தீர்ப்பு வந்தது. திட்டமிட்ட கொலை என்று ஜூரி ஏற்கவில்லை. குற்றம் குறைக்கப்பட்டு, இரண்டு உயிருக்கும் சேர்த்து ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனை. அன்று இரவு கூட்டம் நகர மண்டபத்தின் கண்ணாடிகளை உடைத்தது, வரிசையாக நின்ற போலீஸ் கார்களைக் கொளுத்தியது. குழுவின் முதல் ஆல்பமான 'ஃப்ரெஷ் ஃப்ரூட் ஃபார் ராட்டிங் வெஜிடபிள்ஸ்' 1980 செப்டம்பரில் வெளிவந்தபோது அட்டையில் இருந்தது அந்த இரவில் எடுத்த படம்தான். எரியும் போலீஸ் கார்கள். இதைப் பார்த்துக் கலவரத்தைக் கொண்டாடுகிறார்கள் என்று சிலர் திட்டினார்கள். அந்த நகரத்துக்காரர்களுக்கு அந்தக் கார்கள் எதற்காக எரிந்தன என்று தெரியும்.

மாஸ்கோனி இறந்ததும் மேயர் நாற்காலிக்கு வந்தவர் நகரசபைத் தலைவராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன். 1979 இலையுதிர் காலத்தில் முறையான தேர்தல் வந்தது. பயாஃப்ரா அதில் வேட்பாளராக நின்றார். வயது 21. உனக்கு இருக்கும் வாய்க்கு மேயருக்கே நிற்கலாம் என்று டிரம்மர் டெட் சொன்னதில் ஆரம்பித்த விஷயம். ஜெல்லோ விளம்பரத்தின் வாசகத்தையே தேர்தல் முழக்கமாக்கிக்கொண்டார்: ஜெல்லோவுக்கு எப்போதும் இடமுண்டு. வேலைநேரத்தில் வர்த்தகர்கள் கோமாளி உடை அணிய வேண்டும் என்றது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. ஊர் முழுக்க டேன் வைட் சிலை வைத்து, மக்கள் எறிவதற்கு முட்டை விற்க வேண்டும் என்றது இன்னொன்று. ஃபைன்ஸ்டைன் விளம்பரத்துக்காகத் தெருப் பெருக்கியதைக் கிண்டல் செய்ய, அவர் வீட்டு முன்னால் போய் உதிர்ந்த இலைகளை வேக்வம் கிளீனரால் உறிஞ்சினார்.

இதோடு நிறுத்தினால் வெறும் கூத்தாகத் தெரியும். அதே அறிக்கையில் வேறு சிலவும் இருந்தன. போலீஸ்காரர்கள் தாங்கள் ரோந்து போகும் பகுதி மக்களின் ஓட்டை வாங்கித்தான் பதவியில் தொடர வேண்டும். வரி கட்டாமல் பூட்டிப் போட்டிருக்கும் கட்டடங்களில் வீடில்லாதவர்கள் குடியேறுவதைச் சட்டபூர்வமாக்க வேண்டும். கோமாளி உடையைப் பற்றிச் சிரித்த பத்திரிகைகள் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விட்டன. ஓட்டுப் போட்டவர்கள் தாண்டிப் போகவில்லை. 6,500-க்கும் மேற்பட்டோர், பதிவான வாக்கில் 3 சதவீதத்துக்கு மேல், அவருக்கு வாக்களித்தார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றுக்குப் போய்த்தான் ஃபைன்ஸ்டைன் வென்றார்.

இனி பாட்டு. டெட் கென்னடிஸின் இசையை 'சத்தம்' என்று ஒதுக்குபவர்கள் ஈஸ்ட் பே ரேயின் கிதாரைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன். 60-களின் கடற்கரை சர்ஃப் இசையும் உளவாளிப் படங்களின் பின்னணி இசையும் அவர் விரலில் இருந்தன. எதிரொலிக் கருவி ஒன்றின் வழியாக அந்த ஒலியைச் சுழலவிட்டு, வேகமான பாட்டுக்குள்ளும் ஒரு திகிலைக் கொண்டுவந்தார். 'ஹாலிடே இன் கம்போடியா' பாட்டின் தொடக்கத்தில் கிளாஸ் ஃப்ளோரைடின் பேஸ் மெல்ல நடந்து வருவதையும் மேலே கிதார் வட்டமிடுவதையும் இரவில் விளக்கணைத்துக் கேட்டுப் பாருங்கள். அதன்மேல் பயாஃப்ராவின் குரல். நடுங்கி இழுத்து, நாடகக்காரன் வில்லன் வேஷம் கட்டினாற்போல் பேசும் குரல்.

வில்லன் வேஷம் என்பதுதான் இங்கே சாவி. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்போம். புகழ்வதுபோல் பழிப்பது. பயாஃப்ரா அதையே தொழிலாக வைத்திருந்தார். 'கில் தி புவர்' என்ற பாட்டு ஏழைகளைக் கொல்லச் சொல்கிறது; பாடுவது பாடகர் இல்லை, கட்டடத்துக்குச் சேதமில்லாமல் மனிதனை மட்டும் கொல்லும் நியூட்ரான் குண்டைப் பார்த்து மகிழும் ஓர் ஆட்சியாளன். 1979 ஜூனில் வந்த முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) 'கலிஃபோர்னியா ஊபர் அல்லெஸ்'ஸில் பேசுவது கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன். ஜெர்மன் தேசிய கீதத்திலிருந்து வந்து, நாஜிகளின் நிழல் ஒட்டிக்கொண்ட சொற்றொடரைத் தலைப்பில் வைத்து, தியானமும் இயற்கை உணவும் பேசும் ஹிப்பி சர்வாதிகாரியாக அவரைச் சித்திரித்தார்கள். உண்மையில் பிரவுன் அப்படிப்பட்டவரில்லை; பாட்டு அவருக்குச் செய்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். 1980 நவம்பரில் ரீகன் அதிபராக ஜெயித்ததும் குழுவே சொல்லை மாற்றி, இப்போது அதைவிடப் பெரிய பிரச்சினை வந்திருக்கிறது என்று ரீகனை வைத்துப் பாடியது.

1980 மேயில் வந்த 'ஹாலிடே இன் கம்போடியா' அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு, எனக்கு மிகவும் சங்கடம் தரும் பாட்டும் அதுதான். 1975 முதல் 1979 தொடக்கம் வரை கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி போல் பாட்டின் ஆட்சியில் கம்போடியாவில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பாட்டு குறிவைப்பது போல் பாட்டை இல்லை. கல்லூரியில் ஓரிரு வருஷம் படித்துவிட்டு, ஏழைகள் வாழ்க்கையும் கறுப்பினத்தவர் வலியும் தனக்குத் தெரியும் என்று அளக்கும் வசதியான வெள்ளைக்கார மாணவனை. போய் அங்கே ஒரு விடுமுறை கழித்துவிட்டு வா, அப்புறம் பேசு என்கிறது. அந்த மாணவனின் பீற்றலைக் காட்டும் வரியில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றையும் போட்டார்கள். பிற்காலத்தில் அதை மாற்றிப் பாட வேண்டி வந்தது. வேஷம் கட்டிச் சொன்னாலும் சில சொற்கள் கேட்பவர் மேல் நேராகவே விழுகின்றன.

அந்தச் சிங்கிளின் அட்டையில் இன்னொரு விஷயம் உண்டு. தூக்கில் தொங்கும் ஒரு பிணத்தை ஒருவர் மடக்கு நாற்காலியால் அடிக்கக் கை ஓங்குகிறார். சுற்றி நிற்கும் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது கம்போடியா இல்லை. 1976 அக்டோபர் 6 அன்று தாய்லாந்தின் பாங்காக்கில், தம்மசாத் பல்கலைக்கழக மாணவர்கள் தாக்கிக் கொல்லப்பட்ட அன்று நீல் யூலெவிச் எடுத்த படம். புலிட்சர் பரிசு பெற்றது. கம்யூனிஸ்டுகள் செய்த படுகொலையைச் சொல்லும் பாட்டின் அட்டையில், இடதுசாரி மாணவர்கள் என்று வேட்டையாடிக் கொல்லப்பட்ட ஒருவரின் உடல். ஆசியப் பிணம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் பொருந்திவிடுமா? இந்தக் கேள்வியை ரசிகனாக நான் கேட்டே ஆக வேண்டும். மற்றவர் வேதனையைத் தன் ஊர்க்காரரைக் குத்தும் ஊசியாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த வேதனைக்குச் சொந்தக்காரன் யார் என்பது மறந்துபோகிறது. அந்தக் குற்றத்தைத்தான் பாட்டு மாணவன்மேல் சுமத்துகிறது.

அதே 1980 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி இசை விருது விழாவில் பாட இவர்களை அழைத்தார்கள். புதிய அலையையும் மதிக்கிறோம் என்று காட்டிக்கொள்ள விழாக்காரர்களுக்கு ஒரு பங்க் குழு வேண்டியிருந்தது. 'கலிஃபோர்னியா' பாட்டைத் தொடங்கி, சில நொடிகளில் நிறுத்தினார்கள். மார்பில் பெரிதாக எஸ் எழுத்து வரைந்த வெள்ளைச் சட்டைகள். பின்னால் மறைத்திருந்த கறுப்பு டையை முன்னால் இழுத்துப் போட்டதும் எஸ் மேல் கோடு விழுந்து டாலர் குறி ஆனது. இசைத் தொழிலின் லஞ்சத்தையும் பேராசையையும் அங்கே உட்கார்ந்திருந்த அதே தொழில்காரர்கள் முன்னால் நக்கலடிக்கும் புதுப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவர்கள் மேடையில் பாடவே இல்லை.

வஞ்சப்புகழ்ச்சிக்கு ஓர் ஆபத்து உண்டு: வஞ்சம் புரியாமல் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆட்கள். 80-களின் தொடக்கத்தில் பங்க் இன்னும் வேகமான ஹார்ட்கோராக மாறியபோது கச்சேரிக் கூட்டமும் மாறியது. அதிர்ச்சிக்காக ஸ்வஸ்திகா அணிந்த ஆரம்ப காலம் போய், அதை நிஜமாகவே நம்புபவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். மேடைக்குக் கீழே அடிதடி. 1981 பிப்ரவரியில் டெட்டின் இடத்தில் டிரம்மராகச் சேர்ந்த டி.ஹெச். பெலிக்ரோ கறுப்பினத்தவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டின் கடைசியில் வந்த 'இன் காட் வி டிரஸ்ட், இன்க்.' தட்டில் நாஜி பங்க் ஆட்களைப் பச்சையான வசையோடு விரட்டும் ஒரு நிமிடப் பாட்டு இருந்தது. வேஷம் கிடையாது, அணி கிடையாது. நேருக்கு நேர். அந்தப் பாட்டின் சிங்கிளோடு ஸ்வஸ்திகா மேல் குறுக்குக் கோடு போட்ட கைப்பட்டையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தக் குழு வேஷத்தை முழுவதுமாகக் கழற்றிய இடம் அது. இங்கிலாந்தின் நேபாம் டெத் முதல் எத்தனையோ குழுக்கள் அதைத் திரும்பப் பாடியிருக்கின்றன.

1982-ல் வந்த 'பிளாஸ்டிக் சர்ஜரி டிசாஸ்டர்ஸ்' ஆல்பத்தின் அட்டை இன்னொரு கடன். உகாண்டாவின் கரமோஜாவில் பஞ்ச காலத்தில் மைக்கேல் வெல்ஸ் எடுத்த படம்: பாதிரியாரின் தடித்த வெள்ளை உள்ளங்கையில், பறவைக் கால் போல் காய்ந்துபோன ஒரு குழந்தையின் கை. பசியால் சாகிறவரின் படத்துக்குப் பரிசு வாங்குவது வெட்கமாக இருக்கிறது என்றவர் அந்தப் புகைப்படக்காரர். அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்துக்கு அருகே ரீகனுக்கு எதிரான திறந்தவெளிக் கச்சேரியில் குழு பாடியது. வெள்ளையாக நின்ற வாஷிங்டன் தூணையும் அதன் உச்சியில் மினுக்கிய இரண்டு சிவப்பு விளக்குகளையும் காட்டி, முக்காடிட்ட கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்காரன் நிற்கிறான் பாருங்கள் என்றார் பயாஃப்ரா. அந்தக் கூட்டத்தில் இருந்த பதின்வயதுப் பையன்களில் ஒருவர் பின்னாளில் நிர்வாணா என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல்.

இத்தனைக்கும் யாரும் வழக்குப் போடவில்லை. சுடப்பட்ட அதிபர், பட்டினியில் அழிந்த பயாஃப்ரா, பாங்காக் பிணம், கரமோஜாக் குழந்தை. எதற்கும் போலீஸ் வரவில்லை.

1985-ல் வாஷிங்டன் அரசியல் குடும்பப் பெண்கள் சிலர் சேர்ந்து பெற்றோர் இசைக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னணியில் இருந்தவர்கள் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோரும், நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கரும். பிள்ளைகள் கேட்கும் பாட்டில் பாலுறவும் வன்முறையும் மலிந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. செப்டம்பர் 19 அன்று செனட் குழுவின் முன் விசாரணை நடந்தது. இசைக்கலைஞர்கள் ஃபிராங்க் ஜாப்பாவும் ஜான் டென்வரும் டீ ஸ்னைடரும் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் அதிகம் போராடாமல் எச்சரிக்கை ஒட்டிக்கு ஒப்புக்கொண்டன. பிரச்சினைக்குரியவை என்று அந்த அமைப்பு வெளியிட்ட 15 பாட்டுகளின் பட்டியலில் டெட் கென்னடிஸ் இல்லை. பிரின்ஸும் மடோனாவும் இருந்தார்கள். ஆனால் நீதிமன்றம் ஏறியது யார் என்று பாருங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் 'ஃபிராங்கன்கிரைஸ்ட்' ஆல்பம் வந்தது. 'ஏலியன்' படத்தின் ஜந்துவை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கிய சுவிஸ் ஓவியர் ஹெச்.ஆர். கீகர் 1973-ல் வரைந்த ஓவியம் ஒன்று பயாஃப்ராவுக்குப் பிடித்திருந்தது. ஆண், பெண் உறுப்புகள் இயந்திர உதிரிகள்போல் வரிசை வரிசையாகப் பொருந்தி நிற்கும் காட்சி. மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதன் படம் இது என்றார் அவர். ஆல்பத்தின் அட்டையாகவே போட விரும்பினார். குழுவில் மற்றவர்கள் மறுத்தார்கள். கடைசியில் மடித்த சுவரொட்டியாக உள்ளே வைத்தார்கள். உள்ளே கீகரின் கலைப்படைப்பு இருக்கிறது, சிலருக்கு அதிர்ச்சியும் அருவருப்பும் தரலாம், வாழ்க்கையும் சில நேரம் அப்படித்தான் என்று வெளியே எச்சரிக்கையும் ஒட்டினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 14 வயதுப் பெண் ஒருத்தி தன் தம்பிக்குப் பரிசாக இதை ஒரு கடையில் வாங்கிப் போனாள். சுவரொட்டியைப் பார்த்த தாய் மாநில அட்டர்னி ஜெனரலுக்குப் புகார் எழுதினார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை கையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் எந்த அம்மாவும் பதறுவாள். புகாரைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு செய்ததுதான் வேறு ரகம். 1986 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் பயாஃப்ராவின் வீட்டைப் போலீஸ் புரட்டிப்போட்டுச் சோதனை செய்தது. ஜூனில் குற்றச்சாட்டு: சிறாருக்குத் தீங்கான பொருளை விநியோகித்தது. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, 2,000 டாலர் அபராதம். பயாஃப்ராவோடு சேர்த்து ஐந்து பேர். குழுவின் இசைத்தட்டு நிறுவனத்தின் முன்னாள் மேலாளர், விநியோகஸ்தர்கள், தட்டை அச்சடித்த ஆலையின் உரிமையாளர். பெண்ணுக்குத் தட்டை விற்ற கடைச் சங்கிலிமேல் வழக்கு இல்லை.

பெரிய கம்பெனியின் நட்சத்திரம்மேல் வழக்குப் போட்டால் அந்தக் கம்பெனியின் வக்கீல் படை எதிரே நிற்கும். டெட் கென்னடிஸின் ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ், குழுவே 1979-ல் தொடங்கிய சின்ன நிறுவனம். செலவு குறைவாக, எல்லோருக்கும் ஒரு செய்தி போய்ச் சேரும் வழி இது என்ற பொருளில் அரசு வழக்கறிஞர் மைக்கேல் குவரினோவே அப்போது பேசினார். வழக்குச் செலவுக்குத் தணிக்கை எதிர்ப்பு நிதி என்று ஒன்றைத் தொடங்கி ரசிகர்களிடமும் கலைஞர்களிடமும் பணம் திரட்ட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவன் நீ என்பதை மறக்காதே, எந்த நேரத்திலும் கண்ணியத்தை விடாதே என்று ஜாப்பா தனக்குச் சொன்னதைப் பயாஃப்ரா பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1987 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் விசாரணை. மூன்று பேர் மீதான வழக்கை நீதிபதி சூசன் ஐசகாஃப் தள்ளுபடி செய்தார். மீதி இருந்த பயாஃப்ரா, முன்னாள் மேலாளர் விஷயத்தில் ஜூரி ஒருமனதாக முடிவுக்கு வர முடியவில்லை. ஏழு பேர் விடுவிக்கலாம் என்றார்கள், ஐந்து பேர் கூடாது என்றார்கள். மறுவிசாரணை கேட்ட அரசுத் தரப்பை நீதிபதி ஏற்கவில்லை. வழக்கு அங்கேயே முடிந்தது. வருஷங்கள் கழித்து குவரினோவே அந்த வழக்கு தவறு என்று ஒப்புக்கொண்டார். விசாரணையின் பாதியிலேயே, பாட்டு வரிகள் பல வகையில் சமூகப் பொறுப்புள்ளவை என்று தங்களுக்குப் புரிந்துவிட்டது என்றும் சொன்னார். அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும், மறுக்கவில்லை.

ஆனால் அதற்குள் குழு இல்லை. கடைசிக் கச்சேரி 1986 பிப்ரவரி 21, கலிஃபோர்னியாவின் டேவிஸில். நவம்பரில் கடைசி ஆல்பம், அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்துவிட்டதாக அறிவிப்பு. வழக்குதான் குழுவைக் கொன்றது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. கடைசிக் கச்சேரி போலீஸ் சோதனைக்கு முந்தியது. கச்சேரி என்றாலே அடிதடி என்ற நிலையில் அலுப்பு ஏற்கெனவே சேர்ந்திருந்தது. வழக்கு நடந்த ஒரு வருஷத்துக்கும் மேலான காலத்தில் தட்டை விற்கக் கடைகள் அஞ்சின, பயாஃப்ராவின் நேரமும் பணமும் அதிலேயே கரைந்தன. சிறை இல்லை, அபராதம் இல்லை. வழக்கே தண்டனையாக இருந்தது. 1990-ல் ஃப்ளோரிடாவில் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பம் ஆபாசம் என்று நீதிமன்றம் சொல்லி, மேல்முறையீட்டில் அது ரத்தானபோது, அந்தப் பாதையில் முதல் அடி வாங்கியவர்கள் இவர்கள்தான்.

இனி வருவது எழுதக் கசப்பானது. 90-களின் பிற்பாதியில் ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ் பயாஃப்ராவின் கையில் இருந்தது. மற்ற மூவருக்கும் சேர வேண்டிய ராயல்டியில் பல ஆண்டுகளாகக் கணக்குப் பிசகி, 75,000 டாலரை ஒட்டிய தொகை குறைந்திருந்தது தெரியவந்தது. நிறுவனம் அதை உடனே அவர்களிடம் சொல்லவில்லை; உள்ளிருந்த ஒருவர் மூலம் அவர்கள் காதுக்குப் போனது. 1998-ல் ரே, ஃப்ளோரைட், பெலிக்ரோ மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். 'ஹாலிடே இன் கம்போடியா'வை லீவைஸ் நிறுவனத்தின் டாக்கர்ஸ் கால்சட்டை விளம்பரத்துக்குத் தர நான் மறுத்ததுதான் சண்டைக்குக் காரணம் என்றார் பயாஃப்ரா. இல்லை, எங்கள் பணம்தான் காரணம் என்றார்கள் அவர்கள். 2000 மேயில் ஜூரி மூவர் பக்கம் நின்றது. பிசகைத் தெரிந்தும் மறைத்தது தவறு என்று சொல்லி, ஏறத்தாழ 2 லட்சம் டாலர் தரச் சொன்னது. 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

விளம்பரத்துக்குப் பாட்டை விற்காதது பற்றி பயாஃப்ரா சொன்னதை நான் மதிக்கிறேன். கம்போடியச் சாவைப் பேசும் பாட்டு கால்சட்டை விற்கப் போவதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஆனால் கூட உழைத்தவர்களின் கூலிக் கணக்கை அவர்களிடம் மறைத்ததற்கு அது பதிலாகாது. முதலாளிகள் செய்தால் பாட்டு எழுதியிருப்பார். நட்பையும் கொள்கையையும் நம்பி, காகிதத்தில் எதையும் தெளிவாக எழுதிக்கொள்ளாமல் தொடங்கிய எத்தனையோ சுயேச்சை நிறுவனங்கள் இதே இடத்தில்தான் உடைந்தன. இதற்கெல்லாம் முன்பே, 1994-ல், பெர்க்லியின் கில்மன் தெரு பங்க் மன்றத்தில், நீ விலைபோன ராக் நட்சத்திரம் என்று கத்திக்கொண்டு சிலர் பயாஃப்ராவை அடித்துக் காலை முறித்திருந்தார்கள். அவர் வளர்த்த சூழலின் பிள்ளைகள்தான் அவர்களும்.

பெரும்பாலான ஆல்பங்களின் உரிமை மூவர் பக்கம் போனது. 2001 முதல் வேறு பாடகர்களை வைத்து அவர்கள் டெட் கென்னடிஸ் என்ற பெயரிலேயே மேடையேறினார்கள். பயாஃப்ரா அதைப் பேராசை பிடித்த கரோக்கே என்று திட்டினார். அவர் பாதை வேறாகிவிட்டிருந்தது: மணிக்கணக்கில் மேடைப் பேச்சு, பேச்சுத் தட்டுகள், வேறு குழுக்கள், 2000-ல் பசுமைக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ரால்ஃப் நேடருக்கு எதிராக ஒரு கை. ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ் அவரிடமே இருக்கிறது. ஓவியர் வின்ஸ்டன் ஸ்மித் வரைந்த குழுவின் டிகே சின்னம் யாரும் சில கோடுகளில் சுவரில் கீறிவிடலாம் என்கிற அளவுக்கு எளிமையானது. பாட்டைக் கேட்டே இராதவர்களின் டிஷர்ட்டிலும் இன்று அது இருக்கிறது. அதே ஸ்மித்தின் ஒட்டுப்படம்தான் கிரீன் டே என்ற பங்க் குழுவின் 1995 ஆல்பத்துக்கு அட்டையானது. அந்தப் படத்தின் தலைப்பு ஒரு டெட் கென்னடிஸ் வரியிலிருந்து வந்தது.

2022 அக்டோபர் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு டி.ஹெச். பெலிக்ரோ இறந்தார். வயது 63. செயின்ட் லூயிஸிலிருந்து வந்து, நாஜிகளை விரட்டும் அந்த ஒரு நிமிடப் பாட்டுக்கு, கீழே நாஜிகள் நின்ற இரவுகளிலும் டிரம்ஸ் அடித்தவர். பயாஃப்ரா, ரே, ஃப்ளோரைட், பெலிக்ரோ என்று அந்த நால்வரும் ஒன்றாக நின்ற கடைசி மேடை, 1986 பிப்ரவரியில் டேவிஸில் ஏறியதுதான்.